மேல் பட்டையைப் பிடித்துத் தூக்காதீர்கள்

பழைய மீன் தொட்டி வாங்கி விற்கிறவனிடம் தொட்டியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில் என் கடை. கண்ணாடி வெட்டுவது, சிலிக்கான் பசை போடுவதெல்லாம் கூட்டாளி முருகேசன் பார்த்துக்கொள்வான். பேசுவதும் பேச்சு வாங்குவதும் என் பொறுப்பு. பழைய பைக்கோ, பழைய பிரிட்ஜோ, பழைய கட்டிலோ, எதை வாங்கி விற்கிறவராக இருந்தாலும் நம் எல்லோர் தலையெழுத்தும் ஒன்றுதான் என்பதால் உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் பெரிய தலைவலி கண்ணாடி இல்லை. தொட்டியின் வாயைச் சுற்றி ஓடும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டைதான். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீர் நிரம்பியதும் முன் கண்ணாடியை வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பட்டையும், அதன் நடுவில் குறுக்கே போகும் சட்டமும்தான். "வெறும் பட்டைதானே பாய்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

ஜிகினா டேப்

ஒருவர் தொட்டி விற்க வந்தார். மேல் பட்டை முழுக்கத் தங்க நிற ஜிகினா டேப் ஒட்டியிருந்தது. மகளின் பிறந்தநாளுக்கு ஒட்டியதாம். எனக்குச் சந்தேகம். நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி உரித்துப் பார்த்தேன். உள்ளே பட்டை இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. இப்படியே தண்ணீர் ஊற்றினால் வாங்கினவன் வீட்டுக் கூடம் குளமாகிவிடும் என்று கத்தினேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"பொண்ணு பாக்க வராங்கன்னா பவுடர் போடாமயா பாய் உக்கார வெப்பாங்க?"

ஆளுக்குப் பாதி

கலைச்செல்வி லோடு ஆட்டோவில் மூன்றடித் தொட்டியோடு வந்து இறங்கினாள். கையில் மூடி போட்ட வாளி, அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆஸ்கார் மீன். பஜாரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாளாம். கொஞ்ச நாளாக அம்மா வீட்டுக்கே போய்விட்டதால் எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாளாம்.

தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். மேல் பட்டை நடுவில் முறிந்து, இரண்டு ஓரத்திலும் பசையோடு பிய்ந்து நின்றது. எத்தனையோ தொட்டி பார்த்த கண்ணுக்கு இது புதிதில்லை. பட்டை கைப்பிடி மாதிரி தெரிவதால் ஆளுக்கொரு பக்கம் அதையே பிடித்துத் தூக்குவார்கள். தூக்கும்போது ஒருவர் ஒரு பக்கம் இழுத்தால் இப்படித்தான் ஆகும். யார் இழுத்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வாங்கின தொட்டி, நான் வளத்த மீனு. ஆளுக்குப் பாதின்னு ஒடைக்க முடியாதில்ல பாய், வித்துடுங்க."

சொல்லாதீங்க பாய்

ஆஸ்காரைக் கடைத் தொட்டி ஒன்றில் விட்டேன். பட்டை போட்டுத்தான் பெரிய தொட்டியை விற்க முடியும். அதே அளவுப் பட்டை இங்கே கிடைக்காது, சென்னை கொளத்தூரிலிருந்துதான் வர வேண்டும். சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, முருகேசன் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, கையெல்லாம் கிரீஸோடு ஓர் ஆள் வந்தார். ராஜவேல், டிராக்டர் மெக்கானிக், கலைச்செல்வியின் புருஷன். ஆட்டோக்காரர் சொல்லித்தான் தொட்டி இங்கே இருப்பது தெரிந்ததாம். "என்னய ஒரு வார்த்த கேக்காம வித்துட்டாளா?" என்று எகிறினார். இன்னும் விற்கவில்லை என்றதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நைனார்பாளையத்தில் தன் அம்மா தனியாக இருக்கிறார், அங்கேயே போய்விடலாம் என்றாராம். வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்று அவள் சொன்னாளாம். பேச்சு முற்றி, நான் வாங்கின தொட்டியை நான் எடுத்துப் போகிறேன் என்று இவர் தூக்க, அவள் மறுபக்கம் பிடித்துக்கொண்டாளாம். "அவதான் இழுத்தா" என்றார்.

அதற்குள் ஆஸ்கார் அவரை அடையாளம் கண்டு கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் சட்டைப் பையிலிருந்து தீனிப் பொட்டலத்தை எடுத்துக் கொஞ்சம் போட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, தடுக்கவில்லை.

"நான் வந்துட்டுப் போனத அவகிட்ட சொல்லிடாதீங்க பாய்."

வந்துவிட்ட பட்டை

புதிதாக லாட்ஜ் கட்டிய முதலாளி ஒருவர் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டார். வரவேற்பறைக்கு அதுதான் வேண்டுமாம். "பட்டை வரட்டும்" என்றேன். மறுபடி வந்தார். "வந்துக்கினே இருக்கு" என்றேன். போன் செய்தார். அவர் காதுபடக் கொளத்தூர்க்காரனைத் திட்டினேன். பாவம், அவன் எப்போதோ அனுப்பிவிட்டான். பட்டை செய்தித்தாள் சுற்றியபடி கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. ராஜவேல் தினமும் சாயங்காலம் வந்து மீன் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அவர் கண் முன்னால் அந்தத் தொட்டியை வண்டியேற்றி அனுப்ப எனக்குக் கை வரவில்லை. முருகேசன் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"பட்டை வந்து நாளாவுது பாய், நீங்க இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்கீங்க?"

கலங்கின தண்ணீர்

ஒரு காலையில் ஆஸ்கார் அடியில் படுத்துக் கிடந்தது. வயிறு உப்பல், தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கல். அடியில் தின்னாத தீனி ஊறிக் கிடந்தது. நான் போடுவது காலையில் ஒரு பிடி, ராஜவேல் சாயங்காலம் கொஞ்சம். அதற்கு இவ்வளவு கலங்காது. மீன் செத்துப்போனால் அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதற்கு உலகத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை என்று எனக்குத் தோன்றியது. முருகேசனைப் பிடித்து உலுக்கினேன். தலையைச் சொறிந்தான். மதியம் நான் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற நேரத்தில் ஜவுளிக்கடைச் சாப்பாட்டு நேரம் என்று ஓடி வந்து, தினமும் கலைச்செல்வி தீனி போட்டுவிட்டுப் போகிறாளாம்.

"அந்தம்மா யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லிச்சு பாய், நான் இன்னா பண்றது?"

சாவி

இரண்டு பேருக்கும் போன் போட்டேன். மீனுக்கு உடம்பு சரியில்லை என்றேன், அது பொய்யில்லை. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. முதலில் வந்தவள் கலைச்செல்வி. பின்னாலேயே ராஜவேல். வாசலில் ஒருவரையொருவர் பார்த்ததும் இரண்டு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

தண்ணீரை மாற்றியாகிவிட்டது, சில நாள் பட்டினி போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். "நான்தான் ஜாஸ்தி போட்டுட்டேன்" என்றார் அவர். "இல்ல, நான்தான்" என்றாள் அவள். பட்டை உடைந்ததற்கு எதிராளியைக் கை காட்டிய மனுஷர் இப்போது பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து லாட்ஜ் முதலாளியின் போன். இன்றைக்குள் தொட்டி உண்டா இல்லையா என்று அவர் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன்.

"விக்கலன்னு சொல்லுங்க பாய்" என்றார் ராஜவேல். "எந்த வூட்ல கொண்டு போய் வெக்கறது?" என்றாள் அவள், அவரைப் பார்க்காமலே. அதுதானே கேள்வி. அவர் கிரீஸ் கையைப் பேண்டில் துடைத்து, பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். இரண்டு பேரும் இருந்த வாடகை வீட்டை இன்னும் காலி செய்யவில்லையாம். அவள் சாவியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"தெரியும், ஹவுஸ் ஓனரம்மா அன்னிக்கே சொன்னாங்க."

அடியில் கை

முருகேசன் அன்றைக்கே பழைய பசையை பிளேடால் சுரண்டிப் புதுப் பட்டையை ஒட்டினான். பசை இறுகும்வரை அசைக்கக் கூடாது என்று சொல்லி வைத்தோம். ஆஸ்கார் தேறி, வழக்கம்போல வாயைத் திறந்து கெஞ்ச ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்தார்கள். போகிற வழியில் மீனை வீட்டில் விட்டுவிட்டு, அப்படியே நைனார்பாளையம் போய் மாமியாரைப் பார்க்கப் போவதாகக் கலைச்செல்வி முருகேசனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாராவாரம் போய் வரலாம் என்று முடிவாகியிருந்தது. இந்த ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

லோடு ஆட்டோ வந்து நின்றது. முருகேசனும் நானும் எழுந்தோம். வேண்டாம், நாங்களே தூக்கிக்கொள்கிறோம் என்றார்கள். ராஜவேல் போன வேகத்தில் இரண்டு கையாலும் புதுப் பட்டையைத்தான் பிடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நான் கத்துவதற்குள் அவள் எதிர்ப்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பட்டைய வுடுங்க, அடியில கை குடுங்க, இந்தப் பக்கம் நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்."

என் கடையிலிருந்து இதுவரை நல்லபடியாக வெளியே போன ஒரே தொட்டி நான் விற்காத தொட்டிதான் என்றால், அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது பழைய சாமான் வியாபாரம் செய்கிற உங்களுக்கு மட்டும்தான் புரியும்.