கெசியாவுக்குப் பார்த்த இடம்

மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை யூனிஸின் வேலை. ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டாள் என்றால், எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவாள். சத்தம் வந்தால் பழுது. சத்தமில்லையென்றால் எல்லாம் சரி. இந்தக் கணக்கை வைத்துத்தான் கம்பெனியில் நல்ல பேர் வாங்கினாள். பெற்ற பிள்ளைக்கு கிரெஷ் பார்க்கப் போகும்போதும் பாவி மகள் அதே கணக்கோடுதான் போனாள்.

கெசியாவுக்கு அப்போது இரண்டரை வயது. பிள்ளைக்காக வீட்டோடு இருந்த யூனிஸைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. கணவன் ஜேசனுக்கு கிண்டியில் ஆபீஸ். இருவரும் ஒரு சனிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடக் கிளம்பினார்கள்.

முதலில் பார்த்தது பெருங்களத்தூரில் ஜஹீரா என்பவர் தன் வீட்டிலேயே நடத்துகிற கிரெஷ். உள்ளே நுழைந்ததும் காது அடைத்தது. ஒன்று அழுதது, ஒன்று பாடியது, ஒன்று சாப்பாட்டுத் தட்டைத் தரையில் தட்டித் தாளம் போட்டது. ஜஹீராவின் இடுப்பில் ஒரு பிள்ளை. காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று.

"எப்பவும் இப்படித்தான் சத்தமா இருக்குமாக்கா?" என்று யூனிஸ் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாம்மா பண்றது, புள்ளைங்க கீற வூடு. நீ எப்ப வேணா வா, சொல்லாம கூட வா, வந்து பாரு" என்று சிரித்தார் ஜஹீரா.

சொல்லாமல் வரலாம் என்று ஒருவர் தானாகச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? கம்பெனிக்கு சரக்கு கொடுக்கிறவன் அப்படிச் சொல்லியிருந்தால் யூனிஸுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். அன்றைக்கு அவள் காதில் விழுந்ததெல்லாம் தட்டுச் சத்தம்தான்.

அடுத்தது கிழக்குத் தாம்பரத்தில் ஏசி போட்ட இடம். யூனிஸ் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பிளக் பாயிண்டுக்கெல்லாம் மூடி இருந்தது. தீயணைப்பான் காலாவதியாகவில்லை. கேட்டின் கொக்கி பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். வாசலில் கேமரா. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்துப்போனது அந்த அமைதி. ஒரு டஜன் பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் வரவேண்டுமே!

"இங்க டிசிப்ளின்தான் ஃபர்ஸ்ட் மேம்" என்றாள் நடத்துகிற ஸ்நேகா மிஸ். "பேரண்ட்ஸ் ரிசப்ஷனோட நின்னுடணும். வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க. இல்லன்னா குழந்தைங்க டிஸ்டர்ப் ஆயிடுவாங்க."

நியாயம்தானே என்று யூனிஸுக்குப் பட்டது.

திரும்பும்போது ஜேசன் மெல்ல ஆரம்பித்தான். "எனக்கு அந்த ஜஹீராக்கா இடம்தான் புடிச்சிது. பசங்க அவங்கமேல ஏறி விளையாடுதுங்க."

"செக் பண்றது என் வேலை. நீங்க சும்மா வாங்க" என்று அவன் வாயை அடைத்தாள். அவனும் சும்மா வந்தான்.

ஸ்நேகா மிஸ்ஸின் கிரெஷில் சேர்த்த கெசியா முதல் மாதம் அழுதாள். பிறகு அழுகை நின்றது, பழகிவிட்டாள் என்றார்கள். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிகிறவரை சர்ச்சில் அசையாமல் இருந்தாள். பாஸ்டரம்மா கூப்பிட்டு, "யூனிஸ், எப்படிம்மா புள்ளைய இப்படி வளர்த்த? மத்தவங்களுக்கும் சொல்லிக்குடு" என்றார். யூனிஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. வாயாடியாக இருந்த பிள்ளை பேச்சையே குறைத்துவிட்டதே என்று அவளுக்குத் தோன்றாமலில்லை. வளர்கிறாள், சமர்த்தாகிறாள் என்று தானே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு போல்ட்டில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் தூக்கிப் போடுகிறவள், வீட்டில் கோட்டை விட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் யூனிஸ் அடுக்களையில் இருந்தாள். பால்கனிக் கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு சத்தம் எதுவும் இல்லாததால் அவள் குழம்பைத் தாளித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். கதவிடுக்கில் கெசியாவின் விரல். ரத்தம் முழங்கைவரை வழிந்திருந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது. உதட்டை மட்டும் இறுகக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாளோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

பக்கத்து கிளினிக்கில் தையல் போட்டார்கள். கெசியா முனகக்கூட இல்லை.

"எவ்ளோ சமர்த்துப் பாப்பா! ஊசிக்குக்கூட அழல பாருங்க" என்று நர்ஸ் கொஞ்சினாள்.

பல நாள் காதில் தேனாகப் பாய்ந்த அந்தச் சொல் அன்றைக்கு யூனிஸுக்கு நாராசமாக விழுந்தது. வலித்தால் பிள்ளை அழவேண்டும். அழாத பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று நான் ஏன் கேட்கவில்லை? ஆட்டோவில் ஏறியதும் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, "வலிக்குதாடி தங்கம்? அழுதுடும்மா, நல்லா கத்தி அழு" என்று கெஞ்சினாள். கெசியா மாட்டேன் என்று தலையாட்டினாள். யூனிஸுக்குத் தாங்கவில்லை. டிரைவர் திரும்பிப் பார்க்கிறார் என்பதையும் மறந்து, வாய்விட்டு ஓவென்று அழுதாள்.

கெசியா பதறிப்போனாள். கட்டுப் போட்ட கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதம்மா," என்று காதோடு வந்து சொன்னாள். "மிஸ்சு பாத்ரூம்ல போட்டு பூட்டிடுவாங்க. அங்க லைட்டு இருக்காது."