இறுக்கமா இருக்கு

அமுதவள்ளிக்கு முப்பத்தெட்டு வயது. மலேசியாவில், ஸ்ரீ கெம்பாங்கானில், ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் டோபி ஒன்றில் துண்டு மடிக்கிறாள். ஆட்டிசம் உள்ளவள், அதிகம் பேசமாட்டாள். அப்பா அம்மா போன பிறகு செராஸில் தம்பி விமலனோடு இருக்கிறாள்.

போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவள் போக்கு மாறியது. வேலைக்குப் போட்டுப் போகும் கால்சட்டையை வேண்டாமென்றாள். சோற்றில் பாதியைத் தள்ளிவைத்தாள். ஒருநாள் மடித்த துண்டுகளையெல்லாம் வாரி எறிந்துவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

விமலன் பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போனான்.

"எங்கயாவது வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

"வலிக்கல."

"இவங்க மாதிரி உள்ளவங்களுக்கு அப்பப்ப இப்படி வரும்," என்று விமலனிடம் சொல்லி, மனசை அமைதிப்படுத்த மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்கினாள். சாப்பாடு இன்னும் குறைந்தது.

கூட வேலை செய்யும் லோகேஸ்வரிதான் விமலனுக்கு போன் செய்தாள்.

"தம்பி, எல்லாரும் மூடு சரியில்லன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல லா. அடிக்கடி டாய்லட் போறா. மேசை விளிம்பு வயித்துல பட்டாலே துள்ளுறா. முகம் ஒட்டிப்போச்சு, வயிறு மட்டும் பெருசாவுது. நீங்க பாக்கலயா?"

விமலன் கவனித்திருக்கவில்லை. வீட்டில் அக்கா எப்போதும் தொளதொளவென்ற உடுப்பில்தான் இருப்பாள். மறுநாள் லீவு போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

அங்கே விமலன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்ட டாக்டர் சந்திரகலா, அமுதவள்ளியிடம் வலியைப் பற்றிக் கேட்கவில்லை.

"அமுதா, அந்தக் கால்சட்டை ஏன் வேணாம்?"

"இறுக்கமா இருக்கு."

"வேற எங்க இறுக்கமா இருக்கு?"

அமுதவள்ளி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் தன் அடிவயிற்றில் கை வைத்து, "உள்ள பந்து," என்றாள்.

ஸ்கேனில் சினைப்பையில் கட்டி தெரிந்தது. இளநீர்க்காய் அளவு.

"கேன்சரா டாக்டர்?" என்றான் விமலன்.

"எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

ஊசி, முகமூடி, சக்கரக் கட்டில் எல்லாவற்றையும் நர்ஸ் முன்கூட்டியே அமுதவள்ளிக்குக் காட்டினாள். ஊசியை மட்டும் அவள் தட்டிவிட்டாள். பிறகு தானாகவே கையை நீட்டினாள். ஆபரேஷன் முடியும்வரை விமலனும் லோகேஸ்வரியும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

புற்று இல்லை. ரிப்போர்ட் வந்த அன்று விமலன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். அமுதவள்ளி அவனைத் தாண்டிப் போய் எதிர்த் தோசைக் கடையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ரெண்டு நெய் தோசை," என்றாள்.