மாதந்தோறும் மூன்று நாள் திருவிழா

மாதம் ஒருமுறை என் அப்பா கான்வென்டுக்கு லீவ் லெட்டர் எழுதுவார். ஹஜூர் கச்சேரியில், அதாவது திருவிதாங்கூர் அரசாங்கத் தலைமை அலுவலகத்தில், குமாஸ்தா. ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு வரும். "வீட்டில் நடைபெறும் மதச் சடங்கு ஒன்றை முன்னிட்டு என் மகள் மூன்று நாட்கள் வகுப்புக்கு வர இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." என்ன சடங்கு, யாருக்குச் சடங்கு என்று மூச்சு விடமாட்டார். உள்ளதை எழுதக் கூச்சம். கரமனை அக்ரஹாரத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் போனவர்கள் நாங்கள் ஆறு பெண்கள். ஆறு அப்பாக்களும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடித்த மாதிரி இதையேதான் எழுதினார்கள்.

விஷயம் இவ்வளவுதான். மாதவிலக்கு வந்து 'தூரமான' பெண் மூன்று நாள் கொல்லைப்புறத்து அறையில் ஒதுங்கி இருக்க வேண்டும். யாரையும் தொடக்கூடாது, தெருவில் இறங்கக்கூடாது, புஸ்தகம் பேனா பக்கம் கை போகக்கூடாது. நான்காம் நாள் தலைக்குக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். எங்கள் தெருவில் யாரும் இதை ஏன் என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆனால் பள்ளியில் எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டார்கள். திருவனந்தபுரத்தில் பெண்களைக் காலேஜுக்கென்றே தயார்செய்த பள்ளி அது. நாங்கள் ஆறு பேரும் ஒரே வில்வண்டியில் இடித்துக்கொண்டு போய் இறங்குவோம். உள்ளே தரையெல்லாம் அப்படி ஒரு சுத்தம். எங்கள் வீட்டோடு இருந்த அப்பாவின் விதவை அக்கா, என் அத்தையே வந்து பார்த்தாலும் குறை சொல்லியிருக்க முடியாது; அத்தை குறை சொல்லாத தரையை நான் அதுவரை கண்டதில்லை. சாலைக்கடை வியாபாரிகளின் பெண்கள், நாயர் வீட்டுப் பெண்கள், விழிஞ்ஞத்திலிருந்து வந்து போர்டிங்கில் தங்கிய கத்தோலிக்கப் பெண்கள், எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். விளையாட்டு மைதானத்தில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம், வண்டியில் ஏறியதும் தமிழ். வீட்டுக்கு வந்தால் நேரே கொல்லைக் கிணற்றடி, குளித்துவிட்டுத்தான் காப்பி.

கணக்குக்கு ஒரு மதர் இருந்தார். கடல் கடந்து வந்தவர். நம் ஊர் வெயிலில் முகம் எப்போதும் செக்கச்செவேலென்று இருக்கும். அவருடைய மலையாளம் எங்களை 'மோளே' என்று கூப்பிடுவதோடு நின்றுவிடும். ஜியோமிதியில் ஒரு வரி எழுதினால் போதும், புருவத்தைத் தூக்கி, "பிகாஸ்?" என்பார். காரணம் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. இரண்டு கோணமும் சமம். பிகாஸ்? இந்தக் கோடும் அந்தக் கோடும் இணை. பிகாஸ்? ஒரு பெண்ணை நிற்கவைத்து, "நீ சொல்வதற்குக் காரணம் உண்டு, அதை உன் வாயால் சொல்" என்று அதற்குமுன் என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு அது கல்கண்டாக இனித்தது. வீட்டிலும் கேட்டுப் பார்த்தேன். "இன்னிக்கு ஏகாதசி, பலகாரம்தான்" என்றாள் அம்மா. "பிகாஸ்?" என்றேன். நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

கடைசி வருஷம் தொடங்கும்போது அப்பா என்னைக் கூப்பிட்டார். பெரியவளாகி மூன்று வருஷமாகியும் கல்யாணம் ஆகாமல் வண்டியேறிப் போகிறாளே என்று தெரு முழுக்கப் பேச்சு. திருநெல்வேலியில் ஒரு ஜாதகம் வேறு பொருந்தியிருந்தது.

"பரீட்சையை ஒரே தடவை எழுது," என்றார் அப்பா. "ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தா காலேஜ். இல்லேன்னா ஆனியில கல்யாணம். அப்பறம் மூக்கால அழப்படாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மாதத்தில் மூன்று நாள் பாடம் போகிறது. நான் திரும்பி வருவதற்குள் ஜியோமிதி நாலு தேற்றம் தாண்டி ஓடியிருக்கும்.

இந்த நிலையில்தான் மதர் ஒருநாள் எங்கள் ஆறு பேரைப் பார்த்து, "உங்கள் மாதத் திருவிழாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். ஆங்கிலக் கட்டுரையும் அவர்தான். அப்பாக்களின் லெட்டரையெல்லாம் படித்துப் படித்து, அக்ரஹாரத்தில் மாதாமாதம் மூன்று நாள் பெண்களுக்கு மட்டும் ஏதோ கொண்டாட்டம் நடக்கிறது, அதுவும் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு நாளில் நடக்கிறது என்று அவர் நம்பியிருந்தார், பாவம்! நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பை அடக்கி அடக்கித் தொண்டை வலித்தது.

மற்ற ஐந்து பேரும் தலைவலி என்று தப்பித்துக்கொண்டார்கள். எனக்குக் கொழுப்பு, எழுதினேன். மூன்று நாளும் பெண்களுக்கு வீட்டு வேலை கிடையாது, தனி மாளிகையில் வாசம், சாப்பாடு இருக்கும் இடத்துக்கே வரும், நான்காம் நாள் புனித நீராட்டு என்று எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. மதர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். "எவ்வளவு அழகான வழக்கம்!" என்றார். அவ்வளவுதான், கரமனைக் கூட்டம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது.

வகுப்பு முடிந்ததும், என் பக்கத்தில் உட்காரும் தோழி ஒருத்தி மதரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். அவள் அப்பாவுக்குத் தபால் ஆபீசில் வேலை. கரமனைப் பாலம் தாண்டினால் அவர்கள் வீடு. "பின்ன என்னட்டி, பாவம் அவங்களைப் போட்டு முட்டாளாக்கப் பாக்கியே" என்று என்னைத் திட்டவும் திட்டினாள்.

மதர் என்னைக் கூப்பிட்டார். அவர் காதுவரை சிவந்திருந்தது. என் கட்டுரையில் போட்டிருந்த மார்க்கை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிறகு அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "உன் அம்மாவின் விதியை மீறச் சொல்ல மாட்டேன். நானும் விதிகளுக்குள் வாழ்கிறவள்தான். அந்த மூன்று நாளில் எதெல்லாம் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்."

தொடக்கூடாது, வெளியே போகக்கூடாது, புஸ்தகம் கூடாது, எழுதக்கூடாது என்று அடுக்கினேன்.

"காதால் கேட்கக்கூடாது என்று இருக்கிறதா?"

இல்லை என்றேன்.

"வாயால் சொல்லக்கூடாது என்று?"

அதுவும் இல்லை.

"அப்படியானால் பாடம் நடக்கும்" என்றார். அடேயப்பா, என்ன மூளை! இத்தனை தலைமுறையாக அந்த அறையில் உட்கார்ந்த எங்களில் ஒருத்திக்காவது இது தோன்றியதா?

அந்த மாதத்திலிருந்து, நான் ஒதுங்கும் நாட்களில் என் தோழி சாயங்காலம் ஆற்றங்கரைப் பாதையாக வந்து எங்கள் கொல்லை மதிலுக்கு வெளியே நிற்பாள். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அன்றைய பாடத்தைச் சத்தமாகச் சொல்வாள். "கேட்டியாட்டி? ஒரு வட்டம். அதுக்குள்ள ஒரு முக்கோணம். இனி ரெண்டாவது வரி." நான் மதிலுக்கு இந்தப் பக்கம் குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே திருப்பிச் சொல்வேன். காரணம் விட்டுப்போனால் அந்தப் பக்கத்திலிருந்து "பிகாஸ்?" என்று குரல் வரும், அச்சாக மதர் மாதிரியே. ஒருநாள் அத்தை வந்து எட்டி நின்று பார்த்தாள்.

"தூரமா இருக்கறச்சே கோலம் போடறயேடீ!"

"கோலம் இல்லே அத்தை, கணக்கு."

"கணக்குன்னா சரி" என்று போய்விட்டாள்.

புஸ்தகம் இல்லாமல் படித்ததில் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. படம் முழுக்க மனசுக்குள் வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிவரை சொல்வேன். மதர் இதைக் கவனித்தார். வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பு முழுவதையும் புஸ்தகத்தை மூடவைத்து, காதாலும் வாயாலும் மட்டும் ஜியோமிதி நடத்த ஆரம்பித்தார். அதற்குக் 'கரமனை முறை' என்று அவரே பெயரும் வைத்தார். கொல்லைப்புறத்து அறை ஒரு கான்வென்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது என்றால் எங்கள் தெருவில் யார் நம்புவார்கள்? நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

பத்மநாப சுவாமி கோயில் பங்குனி உற்சவத்தின் கடைசி நாட்களில் பரீட்சை வந்தது. முதல் நாள் கணக்கு, மறுநாள் ஆங்கிலம், மூன்றாம் நாள் சுவாமி கடலில் நீராடும் ஆறாட்டுக்கு விடுமுறை, அதற்கடுத்து மற்றவை. முதல் நாள் விடிகாலையில் கிணற்றடிக்குப் போனேன். தூரமாகியிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் பரீட்சை போச்சு, காலேஜ் போச்சு, ஆனியில் திருநெல்வேலி. சொல்லாமல் மறைத்தால், பூஜையும் நைவேத்யமும் நடக்கிற வீட்டுக்குள் நான் எப்படி நடமாடுவேன்? எனக்கும் அதில் பயம் இருந்தது, பொய் சொல்வானேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். நிமிர்ந்தபோது அம்மா தோண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள். தோண்டியைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்தாள். மடியென்றால் உயிரை விடுகிற என் அம்மா, தூரமாயிருந்த என்னைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

பிறகு சமையலுள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அக்கா, நான் தூரம். நீங்கோ அடுப்பைப் பாத்துக்கோங்கோ. இவளும் என்னைத் தொட்டுட்டா. மூணு நாளும் என்னோடயே இங்கே இருக்கட்டும், குளிச்சுட்டுப் பரீட்சைக்குப் போயிட்டு வரட்டும்."

அத்தை வாசற்படிவரை வந்தாள். "ஏண்டி, பத்து நாள் முன்னாடிதானே இருந்தே?"

"வயசாறதோன்னோ அக்கா, நாள் தப்பறது."

அத்தை அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தலைமயிரை வழித்து, ஒருவேளைச் சாப்பாட்டோடு, விதி என்று எதையெல்லாமோ விழுங்கிக்கொண்டு வாழ்ந்த மனுஷி அவள். "சரி சரி, நேரமாறது. குழந்தைக்கு மோர்சாதம் கொண்டுவந்து எட்ட வெக்கறேன். வெறும் வயித்தோட அனுப்பாதே" என்றாள்.

தூரமானவளைத் தொட்டவள் குளித்தால் போதும், தெருவில் இறங்கலாம். குளித்துவிட்டு வண்டியேறினேன். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளை விரித்தேன். முதல் ஜியோமிதிக் கேள்வியைப் பார்த்ததும் படம் முழுக்க மனசுக்குள் வந்து நின்றது. முதல் வகுப்பு வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணக்கில் எனக்கு மேல் ஒரே ஒருத்திதான், என் தோழி. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். திருநெல்வேலி ஜாதகம் திரும்பிப் போயிற்று. மதர் என் கையைக் குலுக்கினார்.

ஆனால் என் மனசில் நிற்பது மூன்றாம் நாள் சாயங்காலம்தான். ஆறாட்டு. பத்மநாப சுவாமி கோட்டையிலிருந்து ஊர்வலமாகச் சங்குமுகம் கடலுக்கு நீராடப் போகிற நாள். மகாராஜாவே வாளோடு முன்னால் நடந்து போவார். மத்தியானத்திலிருந்து தெரு ஜனம் எல்லாம் கிளம்பிக்கொண்டிருந்தது. கொல்லைப் பக்கமாக நாலு மாமிகள் வந்து கூப்பிட்டார்கள். "வரலையா? என்னடி இது, நீ இல்லாத ஆறாட்டா?" அம்மா உள்ளே இருந்தபடியே, "தூரம்" என்றாள். ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அப்பாவும் அத்தையும்கூடப் போய்விட்டார்கள். தெருவில் ஒரு சத்தமில்லை. அந்தச் சின்ன அறையில் நாங்கள் இருவர் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

"போக முடியலையேன்னு இருக்காம்மா?" என்றேன்.

"இல்லாம இருக்குமா? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஒரு வருஷம் தவறினதில்லை." சொல்லும்போதே அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என்னாலதானே? உள்ளதைச் சொல்லியிருக்கலாமேம்மா. நான் ஆத்தோட இருந்திருப்பேனே."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெருமாள் வருஷா வருஷம் சமுத்திரத்துக்குப் போவார்டீ. நோக்கு ஒரே தடவைதான்னு அப்பா சொல்லிட்டார்" என்றாள். என் புஸ்தகத்தைத் தன் கையாலேயே எடுத்து என் மடியில் வைத்தாள். "அழுதுண்டிருக்காதே, படி. சத்தம் போட்டுப் படி. நானும் கேக்கறேன்."