புழுதிக் காலோடு வந்த பன்னிரண்டாமவர்

அந்தோணி இறந்துவிட்டார். இன்று காலை, தூக்கத்திலேயே. அவர் மகளிடம் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

ஆவடி – பூந்தமல்லி தடத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். எங்கள் பங்கு ஆலயத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் இறையியல் வகுப்பில் என் பெஞ்சுத் தோழர்.

துக்கத்தோடு எழுதத்தான் அமர்ந்தேன்... ஆனால் அவரை நினைத்தாலே ஒரு வாதத்துக்குத் தயாராகும் பரபரப்புதான் வருகிறது!

முதல் வாரத் தலைப்பு, மனித சுதந்திரமும் சமூகமும். கொடுப்பதைப் போலவே பெற்றுக்கொள்வதும் மனிதர்களைக் கட்டிவைக்கிறது என்று மானிடவியலிலிருந்து தொடங்கினார் ஃபாதர். வக்கீலான நான் எழுந்து மறுத்தேன். பிறர் தயவு தேவைப்படாதவனே முழுமையான சுதந்திரம் உடையவன் என்று வரையறுத்தும் சொன்னேன்.

பக்கத்திலிருந்து அந்தோணி: "இன்னா வக்கீலே, பொறந்த அன்னிக்கு உன்ன நீயே குளிப்பாட்டிக்கினியா?"

வகுப்பே அதிர்ந்தது! ஃபாதர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

அந்த ஆண்டு பெரிய வியாழன் வழிபாட்டில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பாதம் கழுவ, எங்கள் வகுப்பிலிருந்தே பன்னிருவர். பதினொரு பேர் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி வந்திருந்தோம். நான் நகம் வெட்டி, பவுடரும் போட்டிருந்தேன்.

அந்தோணி மட்டும் சவாரியிலிருந்து நேராக... புழுதிக் காலோடு.

"வெளியே குழாய் இருக்கு, கழுவிட்டு வந்துடுங்க" என்று காதோடு சொன்னேன்.

"நானே கழுவிக்கினு வந்துட்டா ஃபாதர் இன்னாத்த கழுவுவாரு? உன் பவுடரயா?"

சென்ற ஆண்டு எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. திருமுல்லைவாயில் பிளாட்டில் தனியாக வசிக்கிறேன். உதவி எதுவும் வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் அனைவருக்கும் தெளிவாகத் தெரிவித்திருந்தேன்.

அந்தோணி வந்து மணியடித்தார். கதவுக்குப் பின்னாலிருந்தே அனுப்பிவிட்டேன். மறுநாளும் வந்தார்.

"வேணாம்னு சொல்றது உன் இஷ்டம். வந்து கேக்கறது என் இஷ்டம். கேக்கக் கூடாதுன்னு செக்‌ஷன் இருந்தா காட்டு."

மூன்றாம் நாள் திறந்தேன்.

கட்டுப் போட்ட காலைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஸ்டூலில் உட்காரவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். பருத்திப்பட்டுச் சாலை நெரிசலைத் திட்டிக்கொண்டே முதுகு தேய்த்தார். நான் குனிந்து கொடுத்தேன்.

நல்லடக்கம் மாலை நான்கு மணிக்கு, எங்கள் ஆலயக் கல்லறையில். பெட்டியைச் சுமக்க நானும் வருகிறேன். அந்த முழங்கால் பாதி வழிக்கு மேல் தாங்காது.

ஆகவே, நண்பர்களே... உங்களில் யாராவது ஒருவர் என்னை ஒட்டி நடந்து வர வேண்டும். கேட்கிறேன்.

போய் வாருங்கள், அந்தோணி.