காலித் தட்டும் ஹெலிகாப்டரும்

தங்கை புருஷனிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று இரண்டு வருஷம் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். கல்யாணப் பந்தியில், "மாப்பிள்ளை என் தங்கச்சியைக் கட்ட வந்தாரா, பாயசத்தைக் கட்ட வந்தாரா?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டுவிட்டேன். ஆறாவது தடவை ஊற்றச் சொன்னவனை வேறென்ன கேட்பது? இலையை மடித்து எழுந்தவன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சாயா குடித்ததில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தங்கை மட்டும் தனியாக வந்து தனியாகப் போவாள்.

எண்பதுகளின் தொடக்கம். கல்ஃபிலிருந்து லீவில் வந்த மாப்பிள்ளை ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே ரிமோட்டில் பறக்கிற ஹெலிகாப்டர், துண்டு துண்டாக. பத்து நாள் திருகிப் பூட்டினான். தங்கையைப் பார்க்கப் போன நான் அந்தக் கூத்தையும் பார்த்தேன். இறக்கைகளுக்குக் குறுக்கே போகிற கம்பியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினால் உடம்பு மட்டமாகத் தொங்க வேண்டுமாம். இது வாலைத் தொங்கப்போட்டது.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றான்.

நான் மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு மண்டியில் தராசு பிடிக்கிறவன். வாய் சும்மா இருக்குமா?

"வாங்கினவருக்குத் தலைக்கனம், வண்டிக்கு வால்கனம். குடுங்க மாப்பிளே, சாயங்காலத்துக்குள்ள மட்டமாக்கறேன்." மனசுக்குள் 'அவன்', வாய்க்கு 'நீங்க'.

"ஆக்கிட்டா பந்தியில சொன்னதை மறந்துடறேன். இல்லேன்னா அளியன் எங்கிட்ட மாப்பு சொல்லணும்." எங்கள் ஊரில் மச்சான்தான் அளியன்.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "லீவு முடிய இருபது நாள்தான் இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தர் தோத்துத் தொலைங்க."

அவன் தூங்கப் போனான். நான் வேலையை ஆரம்பித்தேன். எங்கள் மண்டியில் தராசு பார்ப்பதென்றால் முதலில் தட்டைக் காலியாக்க வேண்டும். ஒரு மிளகு ஒட்டியிருந்தாலும் தட்டி விடுவோம். கை அப்படியே பழகியது. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினேன். மூக்குக்குள் இருந்த பேட்டரியை எடுத்து ஜன்னலில் வைத்தேன். தூக்கினால் வால் முன்னைவிட இறங்கியது. வீச்சுவலையில் கோர்க்கிற ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக மூக்கில் கட்டினேன். பதினோராவது குண்டில் மட்டமாக நின்றது, தராசு முள் மாதிரி. மூடியைப் போட்டு அவனை எழுப்பினேன்.

தூக்கிப் பார்த்தான், இரண்டு தரம் குனிந்து பார்த்தான். "ஜெயிச்சீங்க" என்றான், வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை, மண்டி முற்றத்தில் ஆள் இல்லை. சுண்ணாம்பு பூசின சுக்கு ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருந்தது. பேட்டரியை நான் போட்டு மூட, அவன் எண்ணெய் ஊற்றி இஞ்சினைக் கிளப்பினான். ஹெலிகாப்டர் ஒரு முழம் எழும்பியது. மூக்கைக் கவிழ்த்தது. முட்ட வருகிற ஆடு மாதிரி நேராக ஓடிச் சுக்குக் குவியலில் பாய்ந்தது. பிடிக்கப் பின்னாலேயே ஓடியவன் அதன்மேல் விழுந்தான். எழுந்தபோது தலை முதல் கால் வரை வெள்ளை. நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை என்னை அடுக்களைக்கு இழுத்தாள்.

"அண்ணா, மட்டம் பார்த்தப்போ பேட்டரி ஜன்னல்ல இருந்தது. சாயா கொண்டு வந்தப்போ நான் பார்த்தேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேட்டரி இல்லாத மூக்குக்குப் பதினோரு குண்டு கட்டியிருக்கிறேன். முதல் நாள் வேலைக்கு வந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

"அவருகிட்ட சொல்லட்டுமா, இல்லே நீங்களா போய் மாப்பு சொல்றீங்களா?"

சொன்னால் மண்டி முழுக்கத் தெரிந்துவிடும். போனேன். அவன் திண்டாடியபடி காதிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொண்டிருந்தான்.

"பந்தியில சொன்னது தப்பு மாப்பிளே."

திகைத்துப் பார்த்தான். "ஜெயிச்சவரு எதுக்கு மாப்பு சொல்றீங்க?"

"தோணிச்சு."

அவன் கண் கலங்கிவிட்டது. "தப்பு ரிமோட் பிடிச்ச என் கையிலதான், அளியா. நீங்க பிடிச்ச மட்டம் கம்பி மாதிரி நின்னுதே!"

தங்கை கூரையைப் பார்த்தாள்.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா பாயசம் வைத்தாள். ஏழாவது டம்ளர் வரை எண்ணினேன். வாயைத் திறக்கவில்லை. எதிரே தங்கை உட்கார்ந்திருந்தாள்.