மகாராஜா ஓட்டம்

எங்கள் பல்கலைக்கழக பேஸ்பால் குழுவின் வரலாற்றை யாரிடம் கேட்டாலும் அதன் தலைவனைப் பற்றித்தான் சொல்வார்கள். பள்ளி நாளில் ஒரு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவன், ஜெர்மன் மாணவர்களுக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவன், அது இது என்று. எனக்கு அவனைப் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

அறுபதுகளின் நடுவில் நான் ஜெர்மனியில் அந்தப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் ஆராய்ச்சி மாணவன். ஊருக்கு வெளியே அமெரிக்கப் படை முகாம் இருந்தது. அவர்கள் கழித்துப்போட்ட கையுறைகளை வாங்கி வந்துதான் அவன் குழுவே சேர்த்தான். ஆள் போதாமல் என்னைக் கூப்பிட்டான். மதராஸில் கல்லூரிக்கு கிரிக்கெட் ஆடியவன் நான். எவ்வளவு உயரப் போன பந்தையும் வெறுங்கையால் பிடித்துவிடுவேன். அவன் கையுறை மாட்டிக்கொண்டும் கோட்டைவிடுவான். அந்த எரிச்சலில் எனக்கு மகாராஜா என்று பட்டம் கட்டினான். பயிற்சியில் என்னைப் பந்து பொறுக்க விடுவானே தவிர, மட்டையைத் தரமாட்டான்.

"மகாராஜாவுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

முதல் போட்டி முகாம் வீரர்களோடு. போட்டியில் எல்லோரும் மட்டை பிடித்தாக வேண்டும், அதனால் எனக்கும் கிடைத்தது. முதலில் பந்து மட்டையில் படவே இல்லை. கடைசி முறை நான் நின்றபோது ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் மூன்றாவதில் எங்கள் ஆள் ஒருவன் தயாராக நின்றான். பந்து வந்து சேர்வதற்குள் நான் முதல் பேஸைத் தொட்டால் அவன் ரன் சேரும், ஆட்டம் சமன். தொடாவிட்டால் தோல்வி.

அடித்தேன். பட்டது. மட்டையோடு ஓடினேன்.

மற்றவர்கள் மட்டையை எறிந்துவிட்டு ஓடுவதைப் பார்த்திருந்தேன்தான். ஆனால் சின்ன வயதிலிருந்து எனக்கு ஓட்டம் என்றால் மட்டையோடுதான். ஒரு நாளாவது பயிற்சியில் ஓடவிட்டிருந்தால் அந்தப் பழக்கம் போயிருக்கும். பேஸ் என்று வைத்திருந்த வெள்ளைத் திண்டு நெருங்கியதும் குனிந்து, மட்டையை நீட்டி, அதன் மேல் வைத்து நின்றேன். கிரிக்கெட்டில் அப்படி வைத்தால் பிழைத்தோம். இங்கே கால் பட்டிருக்க வேண்டுமாம். பந்து வந்து சேர்ந்தது. நான் அவுட், நாங்கள் தோற்றோம்.

அன்று மாலை பீர் கடையில் அவன் ஒரு குடையை எடுத்துக்கொண்டு, என்னைப் போலவே குனிந்து ஓடி நாற்காலியைக் குத்திக் காட்டினான். மேசைக்கு மேசை ஓடினான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

"விடுறா, அவன் ஒரு ஆளுன்னு கோவப்படுறியே," என்றான் என் அறையில் இருந்த கோயம்புத்தூர்க்காரன். என்னால் விட முடியவில்லை. அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் போகவும் இல்லை. படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலைக்குப் போனேன். என்றாவது அந்தச் சிரிப்பு மறந்து போகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளில் வேலை விஷயமாக அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது கால்கள் தாமாக மைதானத்துக்கு நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவனும் மட்டையோடு குனிந்து ஓடி, வெள்ளைத் திண்டைக் குத்தினான். சுற்றிலும் கைதட்டல்.

"என்ன இது?" என்று பக்கத்தில் நின்ற மாணவனைக் கேட்டேன்.

"மகாராஜா ஓட்டம். புதுசா சேர்றவங்க எல்லாரும் ஓடணும்."

"எந்த மகாராஜா?"

"தெரியாதுங்க. ரொம்ப நாளா இருக்கு."

அவனைத் தாண்டிப் பார்த்தேன். தொப்பையும் விசிலுமாகத் தலைவன் நின்றிருந்தான். இப்போது பயிற்சியாளனாம். கோட்டும் டையும் அணிந்திருந்த என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்களும் ஒரு தடவை ஓடிப் பாருங்களேன்," என்று மட்டையை நீட்டினான். கேட்டுக் கேட்டும் அவன் தராத மட்டை.

வாங்கினேன். இரண்டடி ஓடியதும் அதைத் தூர எறிந்தேன். மிச்ச தூரத்தை வெறுங்கையோடு ஓடி, திண்டின் நடுவில் காலை ஊன்றி நின்றேன்.

"தப்பு! தப்பு!" என்று எல்லோரும் கத்தினார்கள். எல்லோரையும்விட அவன்தான் சத்தமாகக் கத்தினான்.

"காலால இல்லங்க, மட்டையால தொடணும்!"

"அதை அன்னைக்கே நீ சொல்லியிருந்தா நாம தோத்திருக்க மாட்டோமே," என்றேன்.

வாய்க்குக் கொண்டுபோன விசில் அவன் கையிலிருந்து நழுவியது. என்னையே பார்த்தான். மட்டையை அவனே போய்ப் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று நான் நடந்தேன்.