‘சி’யில் ஓர் அண்ணன், ‘கே’யில் ஒரு தம்பி

இங்கே பாரீஸில் குடும்பப் பெயர் என்று எனக்கு என் அப்பா பெயர்தான் பெயர். பல் வைத்தியரிடம் போனாலும் தபால் நிலையத்துக்குப் போனாலும் ‘முசியே கலியபெருமாள்’, அதாவது திருவாளர் கலியபெருமாள் என்று கூப்பிடுகிறார்கள். நானும் கூச்சமில்லாமல் எழுந்து நிற்கிறேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். காரைக்கால் பக்கம் அம்பகரத்தூரில் அப்பா பெயரை நான் இப்படி வாய்விட்டுச் சொல்லியிருந்தால் முதுகில் விழுந்திருக்கும்.

அந்தப் பெயரை வைத்துத்தான் அண்ணன் தங்கராசுவைத் தேடினேன். காரைக்காலை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, அவர்கள் பிரஜையாகவே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துப் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். எழுபதுகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். ‘இனி இந்தப் பக்கம் வராதே’ என்று அப்பா எழுதிப் போட்டார். அண்ணனும் ரோஷக்காரர், அதோடு கடிதம் நின்றது. அப்பா காலமான பிறகு, இந்திய பாஸ்போர்ட்டோடு ஓட்டல் வேலைக்குக் கிளம்பிய என்னிடம் அம்மா ஒன்றைத்தான் கேட்டார்: “இருக்கானா இல்லியான்னு மட்டும் பாத்துச் சொல்லுடா.”

டெலிபோன் புத்தகத்தில் ‘கே’ (K) வரிசையை வருஷாவருஷம் புரட்டினேன். அந்தப் பெயரில் என்னைத் தவிர யாரும் இல்லை. பிறகு வீட்டுக்கு மினிடெல் வந்தது. டெலிபோனோடு இணைத்த சின்னத் திரை. பெயரைத் தட்டினால் எண்ணைக் காட்டும். எழுத்து சரியாகத் தெரியாவிட்டாலும் காதுக்கு ஒத்த பெயர்களைத் தேடித் தரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித் தேடச் சொன்னேன். இரண்டு வரி வந்தது. ஒன்று நான். அதற்கு மேலே, ‘சி’யில் (C) தொடங்கும் கலியபெருமாள், தங்கராசு. பஸ்ஸில் போய்விடக்கூடிய பக்கத்து ஊர். பிரெஞ்சு குமாஸ்தா அவருக்கு ‘சி’ போட்டிருக்கிறார், இந்திய குமாஸ்தா எனக்கு ‘கே’ போட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். “கலியபெருமாள் பேசுகிறேன்” என்றேன் பிரெஞ்சில்.

“இல்லை முசியே, கலியபெருமாள் நாங்கள்தான். உங்களுக்கு யார் வேண்டும்?”

அப்பா வேண்டாமென்ற மருமகள், அப்பா பெயரை அவ்வளவு உரிமையோடு சொன்னார். தங்கராசு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆண் குரல் கேட்டது.

“அண்ணே, செல்வம் பேசுறேன். அம்பகரத்தூர் செல்வம்.”

“அம்மா இருக்காங்களாடா?”

“இருக்காங்கண்ணே. ஒங்களத்தான் கேக்குறாங்க.”

“அப்பா?”

“போயிட்டாங்கண்ணே.”

பிறகு மெதுவாகக் கேட்டார்: “ரேஷன் கார்டுல என் பேர அடிச்சிட்டுத்தான் போனாங்களா?”

“அடிக்கத்தான் சொன்னாங்க. அம்மா விடல.”

எங்கள் இருவர் பெயரும் பிழையில்லாமல் இருப்பது அந்தக் கார்டில் மட்டும்தான். எங்கள் பங்குச் சர்க்கரையை அம்மா இன்னமும் மாதாமாதம் வாங்கி வைக்கிறார்.